ஒரு வண்டி நீளம்

இறக்கத்தில் நிற்கும் முச்சக்கரவண்டிகளுக்கு இயந்திரம் தேவையில்லை. முதல் வண்டி ஆளேற்றிக்கொண்டு போனதும் பின்னால் நிற்பவர்கள் பிரேக்கைத் தளர்த்துவார்கள். வரிசை முழுவதும் ஒரே மூச்சில், ஒரு வண்டி நீளம் கீழே வழுக்கி வந்து நிற்கும். ஈரத்தார்மேல் டயர்கள் உரசும் சிறு சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காது. கண்டி ஏரிக்கு மேலே ஏறும் பாதையொன்றில், பாசி படர்ந்த கருங்கல் மதிலோரம், அந்த வரிசை இன்றும் அப்படித்தான் நகர்கிறது. மதில் முடியுமிடத்தில் வரிசையும் முடிய வேண்டும். அதற்கு அப்பால் ஒரு சக்கரமும் நிற்கக்கூடாது என்பது அவர் வகுத்த சட்டம்.

முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்லால், அவரை எல்லோரும் நானா என்றே அழைத்தார்கள். முஸ்லிம்கள் அழைத்தார்கள், தமிழர்கள் அழைத்தார்கள், பக்கத்து மருந்துக்கடைச் சிங்கள அம்மையாரும் அப்படியே அழைத்தார். அலவத்துகொடயிலிருந்து விடியுமுன் வந்துவிடுவார். ஒல்லியான நெடிய உருவம். எப்போதும் மடிப்புக் குலையாத சட்டை. வாயில் ஒரு கராம்பு. அவர் குனிந்து பேசினால் வார்த்தைக்கு முன்னே கராம்பு வாசம் வரும். பேச்சோ மிகவும் தணிந்தது. முச்சக்கரவண்டிச் சங்கத்தின் தலைவர் என்று எவரும் அவருக்குப் பட்டம் தரவில்லை. அவர் கையை உயர்த்தினால் வண்டிகள் நின்றன, தாழ்த்தினால் நகர்ந்தன.

மறுப்பதை மரியாதையாகச் செய்யும் வல்லமை அவருக்கு இருந்தது. தெல்தோட்டையிலிருந்தும் திகனவிலிருந்தும் புது வண்டியோடு ஆட்கள் வருவார்கள். கண்ணாடியில் சங்கத்தின் ஸ்டிக்கர் இல்லாமல் அந்த மதிலோரம் நிற்க முடியாது. புதிய ஸ்டிக்கர் கொடுப்பதை நிறுத்திப் பல ஆண்டுகளாகிவிட்டன. வந்தவரை அவர் தேநீர்க்கடைக்கு அழைத்துச் சென்று பிளேன்டீ வாங்கிக் கொடுப்பார். பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். பிறகு வந்தவரின் தோளில் கைவைப்பார்.

"எடம் இல்ல தம்பி. எடம் வந்தா மொதல்ல ஒங்களுக்குத்தான் செல்லுவன்."

வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். எவருக்கும் அவர் சொல்லியனுப்பியதாக நான் அறியவில்லை.

ஒருநாள், வரிசையில் எல்லோருக்கும் இளையவனான, அதனாலேயே சிங்களத்தில் தம்பி என்று பொருள்படும் மல்லி என்ற பெயர் பெற்ற சிங்களப் பையன், பேரம் பேசிய ஒரு பயணிக்காகக் கட்டணத்தைக் குறைத்துவிட்டான். நானா வண்டிக்குள் தலையை நீட்டி, பயணியிடம் மன்னிப்புக் கேட்டு, அவரை அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டார்.

"நீ இண்டைக்கிக் கொறச்சா நாளைக்கி எல்லாரும் கொறைக்கோணும். பின்னுக்குப் போ."

"நானா, பாவம் அந்த ஐயா..."

"பாவம் பாக்கிறதெண்டா ஒண்ட வீட்டு சாமான வித்து பாரு. வரிசைய வித்து பாக்காத."

அன்று பிற்பகலே, மருந்துப் பொதியோடு மழையில் நின்ற ஒரு முதியவளைத் தம் வண்டியில் ஏற்றி, ஹந்தானை மேட்டிலிருந்த அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, காசு வாங்காமல் திரும்பினார். வரிசைக்கு வெளியே அவர் வள்ளல். வரிசைக்குள்ளே அவர் பூட்டு. இரண்டையும் ஒரே கையால்தான் செய்தார்.

என் தந்தை அந்த வரிசையில் இருந்தார். தெல்தோட்டைத் தோட்டமொன்றிலிருந்து நகரத்துக்கு வந்த அவருக்கு இடம் பெற்றுத் தந்தவர் நானாதான். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்று அழைத்துக்கொண்டார்கள். வரிசையில் எப்போதும் முன்னும் பின்னுமாகவே நிற்கப் பார்த்தார்கள். நான் மேடையேறிப் பேசத் தொடங்கிய காலத்தில், விவாதப் போட்டி நடக்கும் மண்டபம் எதுவானாலும் கடைசி வரிசைக் கதிரையில் அப்பா இருப்பார். அவருக்கு நான் வழக்கறிஞர், "லோயரம்மா". அதைக் கேட்டு நானாவுக்கு நான் "லோயர் மகள்" ஆனேன்.

அப்பா இறந்தது வரிசையிலேயேதான்.

தூறல் விழுந்த ஒரு காலை. முதல் வண்டி போயிற்று, வரிசை இறங்கியது, அப்பாவின் வண்டி இறங்கவில்லை. அதன் முன்னால் ஒரு வண்டி நீளத்துக்குத் தெரு வெறுமையாகக் கிடந்தது. பின்னால் நின்றவர் நானா. அவர் ஹாரன் அடித்தார். பிறகு வரிசை முழுவதும் கேட்கும்படி, அவருக்கு வழக்கமில்லாத உரத்த குரலில், கேலியாகக் கத்தினார்.

"மச்சான், எறங்குடா! ஒறங்குறியா? பின்னால ஆக்கள் ஈக்கிது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானாவும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, வண்டியின் கூரையில் தாளம் தட்டி, தோளைத் தொட்டார். அப்பாவின் கை கைப்பிரேக்கின்மேல் இருந்தது. தளர்த்துவதற்காக வைத்த கை.

இதை எங்களுக்குச் சொன்னவன் மல்லி. நானா ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். அப்பாவின் இடத்தை வரிசையிலேயே வைத்தார்.

முதலில் அது துக்கம் காக்கும் முறையாகத்தான் இருந்தது. முப்பத்தோராம் நாள் கிரியை வரை இடத்தை நிரப்ப வேண்டாம் என்றார்கள் தமிழர்கள். நாற்பதாம் நாள் கத்தம் வரை என்றார்கள் முஸ்லிம்கள். சிங்களவர் வழக்கப்படி மூன்றாம் மாதத் தானம் முடியட்டும் என்றான் மல்லி. மூன்றில் நீளமான துக்கத்தையே வரிசை ஏற்றது. மூன்று மாதமும் கழிந்தது. எவரும் அந்த இடத்தைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வெற்றிடம் ஓரிடத்தில் நிற்கவில்லை என்பதுதான் விந்தை. வரிசை இறங்க, அதுவும் இறங்கியது. இரு வண்டிகளுக்கு நடுவே ஒரு வண்டி நீளத்து வெறுமை, மதிலோரம் மெல்ல மெல்லக் கீழே வரும். அது தலைப்பக்கம் வந்து சேர்ந்ததும் நானா இறங்கி நின்று, வெறும் தெருவை நோக்கிக் கையைத் தாழ்த்துவார்.

"போ மச்சான்."

அதன் பிறகே அடுத்த வண்டி முன்னே வரும். சிறிது நேரம் கழித்து மதிலின் மேல்முனைக்கு நடந்து செல்வார். "பேராதனைக்குப் போனவர். இப்ப வந்திருவார்," என்பார். பிறகு கையை உயர்த்தி, "வந்திட்டார், வந்திட்டார், எடம் விடுங்க," என்பார். கடைசி வண்டிக்குப் பின்னால் ஒரு நீளம் விடப்படும். அவர் ஹயர், அதாவது வாடகை ஓட்டம், போயிருக்கும் வேளைகளில் மற்றவர்கள் அதைச் செய்தார்கள். பயணியொருவர், "முன்னுக்கு ஏன் வண்டியில்லை?" என்று கேட்டால், "ஆள் ஹயர் போயிருக்கார்," என்ற பதில் வரும். எவர் முகத்திலும் சிரிப்பிராது.

வெற்றிடம் ஆளேற்றுவதில்லை என்பதை நான் கவனித்தேன். அப்பா ஓட்டியிருக்க வேண்டிய ஓட்டங்கள் மற்றவர்களுக்குப் பகிர்ந்து போயின. எல்லோருடைய முறையும் சற்று முன்னதாகவே வந்தது. துக்கமும் ஆதாயமும் ஒரே இடத்தில் இவ்வளவு அமைதியாகக் குடியிருப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

எங்கள் முற்றத்தில் அப்பாவின் வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துப் பாதையில் அப்பாவே பழக்கி, அனுமதிப்பத்திரமும் எடுத்துக் கொடுத்திருந்தார். வீட்டில் உழைக்க வேறு ஆளில்லை. அம்மா என்னை அழைத்துக்கொண்டு மதிலோரம் போனார்.

"நானா, வண்டி சும்மா நிக்குது. ஸ்டிக்கரும் இருக்கு. அவரு இடத்துல நான் நின்னுக்கிறேன்."

"தங்கச்சி, நீங்க ஓட்டுறதுக்கு நான் ஒண்டும் செல்ல மாட்டன். எடந்தான்..."

"இடந்தான் காலியா இருக்கே நானா."

"காலியில்ல. அவரு ஹயர் போயீக்கிறார்."

அம்மா முதலில் சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"எப்ப வருவாரு?"

"இப்ப வந்திருவார்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "செத்துப்போனவருக்கு இடமிருக்கு, உயிரோட இருக்கிறவங்களுக்கு இல்லையா நானா?" என்றேன்.

அவர் என் பக்கம் குனிந்தார். கராம்பு மணத்தது. "லோயர் மகள், எல்லாருக்கும் எடம் குடுத்தா ஒருத்தருக்கும் ஹயர் இல்ல. இத ஒங்கட அப்பா செல்லி நீங்க கேட்டதே இல்லயா?"

கேட்டிருக்கிறேன். எங்கள் சோற்றுக்கோப்பைக்கு முன்னால் அமர்ந்து, இதே சொற்களில், பலமுறை கேட்டிருக்கிறேன்.

அம்மா வரிசைக்கு வெளியே ஓட்டத் தொடங்கினார். கைபேசியில் அழைப்பு வந்தால் போவது, இல்லாவிட்டால் தெருத்தெருவாகச் சுற்றுவது. ஒருமுறை அந்த மதிலருகே ஒருவரை இறக்கும்போது, காய்ச்சல் குழந்தையோடு நின்ற ஒரு பெண் தானாகவே ஏறிக்கொண்டாள். நானா ஓடவில்லை, நடந்து வந்தார். வண்டியின் முன்னால் நின்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். ஏறிய பெண்ணிடம், குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, மிகவும் இதமாகச் சொன்னார்: "இது வரிசை ஈக்கிற எடம் தங்கச்சி. அந்த வண்டியில ஏறுங்க. பிள்ளைக்கி ஒண்டும் ஆகாது." பிறகு அம்மாவிடம், "கோவிக்க வேணாம். ஒங்களுக்கு ஒரு சட்டம், மத்தாக்களுக்கு ஒரு சட்டம் வைக்க ஏலா," என்றார். அன்று மாலை எங்கள் வீட்டுக்கு ஒரு பை நிறையச் சாமான் வந்தது. அரிசி, பருப்பு, டின்மீன். அனுப்பியவர் அவர்தான். அம்மா அதைத் திருப்பி அனுப்பினார். மறுநாள் அது மீண்டும் வந்தது.

இந்த நிலையில்தான் எங்கள் பல்கலைக்கழக விவாதப் போட்டிக்கு ஒரு தலைப்பு வந்தது: வாடகை வண்டிகளின் அனுமதி எண்ணிக்கையை மட்டுப்படுத்துவது, உள்ளே இருப்போர் சேர்ந்து நடத்தும் வணிகக் கூட்டே. தலைப்பை ஆதரித்துப் பேசும் அணிக்கு நான் தலைவி. மேடை எனக்குப் புதிதல்ல. தோல்வி எனக்குப் பழக்கமுமல்ல.

போட்டிநாள் காலை எங்கள் வாசலில் நானாவின் வண்டி நின்றது. "ஒங்கட அப்பா இருந்தா அவருதானே கூட்டிக்கொண்டு போவார்," என்றார். ஏறினேன். மண்டபத்தில் கடைசி வரிசையில், அப்பா வழக்கமாக அமரும் மூலையில் போய் அமர்ந்தார். தமக்குப் பக்கத்துக் கதிரையில் கைக்குட்டையை விரித்து வைத்தார். மண்டபம் நிறைந்தது. உட்கார வந்தவர்களிடம் "ஆள் ஈக்கிது" என்று அவர் சொல்வதை மேடையிலிருந்தே என்னால் உதட்டசைவில் காண முடிந்தது.

நான் பேசினேன். "சபையோரே, எண்ணிக்கையைக் குறைத்தால் தெரு நெரிசல் குறையும் என்கிறார் எதிரணித் தலைவர். நெரிசலைக் குறைப்பதற்காக உள்ளே இருப்பவர் எவராவது வெளியே போனதுண்டா? வெளியே நிற்பவரைத்தானே தடுக்கிறோம்! ஊதியம் காக்கப்படுகிறது என்கிறார். எவருடைய ஊதியம்? வாசலைப் பூட்டியவனின் ஊதியம். அதற்கான விலையை மழையில் நிற்கும் பயணி கொடுக்கிறான். இடம் மறுக்கப்பட்ட ஓட்டுநரின் அடுப்பு கொடுக்கிறது. ஆலை முதலாளிகள் கூடி விலையைப் பிடித்தால் அதைச் சூழ்ச்சி என்கிறோம். ஏழைகள் கூடிச் செய்தால் அதற்கு ஒற்றுமை என்று பெயரிடுகிறோம். கதவு பூட்டப்படும் சத்தம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்!"

கரவொலி எழுந்தது. நானாவும் கைதட்டினார். கைக்குட்டை விரித்த கதிரையைத்தான் நான் பேச்சு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இறங்கிய பிறகே உணர்ந்தேன். தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது.

வெளியே அவர் வண்டியருகே நின்றிருந்தார். "சந்தோசப்பட்டார்," என்றார்.

அப்பா இருந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார் என்று அவர் சொல்லவில்லை. எதிராளியின் கூற்றையே எடுத்து அவருக்கெதிராக நிறுத்துவது எனக்குக் கைவந்த உத்தி. அதையே எடுத்தேன்.

"அப்படியா நானா? அப்ப, அம்மாவுக்கு இடம் குடுக்கிறதப் பத்தி அப்பாகிட்ட கேட்டீங்களா?"

அவர் நெடுநேரம் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கேட்டன் மகள். எத்தினையோ தரம் கேட்டன். ஒண்டும் செல்லல்ல." கராம்பை வாய்க்குள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினார். "நான் கத்தினனே, அதுக்குப் பொறவு அவரு என்னோட கதைக்கிறதே இல்ல."

வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கழுநீரைக் கொட்டிவிட்டு, "ஓஹோ," என்றார்.

மறுநாள் காலையில் அம்மா வண்டியை மதிலோரப் பாதையின் மேற்புறம், வளைவுக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தினார். நான் பின்னிருக்கையில் இருந்தேன். இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். கீழே நானா மதிலின் மேல்முனைக்கு நடந்து வருவது தெரிந்தது. கை உயர்ந்தது.

"வந்திட்டார், வந்திட்டார், எடம் விடுங்க."

அம்மா பிரேக்கை விட்டார்.

வண்டி ஓசையின்றி இறங்கியது. அப்பாவின் வண்டியின் முன் மட்காட் தகடு மட்டும் அதற்கேயுரிய முறையில் கடகடவென்று ஆடிற்று. அந்தச் சத்தத்தை வரிசையில் எல்லோரும் அறிவார்கள். தலைகள் ஒவ்வொன்றாக வெளியே நீண்டன. நானா திரும்பினார். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. கண்ணாடியிலிருந்த ஸ்டிக்கரையும், உடைந்த இடப்பக்க விளக்கையும் பார்த்தார். உயர்த்திய கை உயர்ந்தபடியே இருந்தது. மல்லி ஏதோ சொல்லிச் சிரிக்கத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

பிறகு அந்தக் கை மெல்ல அசைந்தது.

"வா... வா... இன்னம் கொஞ்சம். ஒடி, ஒடி. போதும் மச்சான்."

வண்டி வெற்றிடத்துக்குள் சரியாகப் பொருந்தி நின்றது. நானா கூரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தம் வண்டிக்கு நடந்தார்.

அம்மாவுக்கு இடம் கிடைத்தது என்று நான் என் தோழிகளிடம் சொன்னேன். அது சரியான கூற்றல்ல. அன்று முதல் வரிசையில் நானா அம்மாவைத் தங்கச்சி என்று அழைக்கவில்லை. மச்சான் என்றார். "மச்சான், டீ குடிப்பமா?" "மச்சான், ஒண்ட முறை." அம்மா அந்த அழைப்புக்குத் திரும்பினார், தலையசைத்தார், இறங்கினார். வரிசையில் எவரும் புதிதாகச் சேர்க்கப்படவில்லை. எண்ணிக்கை கூடவில்லை. சட்டம் முறியவில்லை. அவர் கணக்கில், ஹயர் போனவர் திரும்பி வந்திருந்தார், அவ்வளவுதான்.

துக்கத்தில் அவர் சித்தம் கலங்கியிருந்தார் என்று வாதாடலாம். சட்டத்தை முறிக்காமல் ஒரு விதவையை உள்ளே விட அவர் கண்டுபிடித்த ஒரே வழி அதுதான் என்றும் வாதாடலாம். இரண்டு பக்கத்திலும் நின்று பேச எனக்கு வரும். எந்தப் பக்கத்தில் நின்றாலும், அம்மா மாலையில் வீட்டுக்கு வந்து, கண்ணாடிமுன் நின்று, தம் நெற்றியில் பொட்டிருந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களுக்கு என்னிடம் வாதமில்லை.

ஒரு மழைநாளில் ஹயர் இல்லாமல் வரிசை உறைந்து நின்றபோது, நானா வந்து அம்மாவின் வண்டியருகே குனிந்தாராம்.

"மச்சான், அண்டைக்கி நான் சத்தம் போட்டன்தானே. ஒறங்குறியாண்டு. எல்லாருக்கும் முன்னால. கோவமா?"

அம்மா அவரிடம் ஒருநாளும் நானா, வாங்க, போங்க என்பதைத் தவிர்த்து வேறு விதமாகப் பேசியவரல்லர்.

"இல்லடா," என்றாராம் அம்மா. "நீ போய் உன் வண்டிக்குள்ள இரு. நனையுற."

அதை எனக்குச் சொல்லிவிட்டு அம்மா அரிசி களையப் போனார்.

நானா ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்காக ஊருக்குப் போனார். அஸர் தொழுகைக்குப் பிறகு அவருக்கு அடக்கம் என்ற செய்திதான் வந்தது. வரிசை முழுவதும் அலவத்துகொடவுக்குப் போயிற்று. மதிலோரம் அன்று ஒரு வண்டியும் இல்லை. திங்கட்கிழமை மீண்டும் கூடினார்கள். என்னை நகரில் இறக்கிவிட வேண்டியிருந்ததால் நான் பின்னிருக்கையில் இருந்தேன். முதல் வண்டி போயிற்று. வரிசை இறங்கியது. அம்மா இறங்கவில்லை. கைப்பிரேக்கின்மேல் கையை வைத்தபடி, முன்னால் ஒரு வண்டி நீளம் திறப்பதைப் பார்த்திருந்தார். அந்த நீளம் முழுதாகத் திறந்த பிறகுதான் பிரேக்கைத் தளர்த்தினார். பின்னால் நின்ற மல்லி ஹாரன் அடிக்கவில்லை.

சென்ற மாதம் திகனப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். புது வண்டி, இருக்கையின் பொலித்தீன் உறைகூட இன்னும் கழற்றப்படவில்லை. வரிசையை மேலிருந்து கீழ்வரை நடந்து பார்த்தார். எங்கள் வண்டியருகே நின்றார்.

"அக்கா, ஒங்களுக்கு முன்னுக்கு எடம் ஈக்கிதே. மூணு பிள்ளைகள் எனக்கு. யாரோட கதைக்கணும்?"

அம்மா அவரைக் கனிவோடு பார்த்தார். கடைப் பக்கம் கைகாட்டி, டீ குடித்தாரா என்று கேட்டார். பிள்ளைகள் எந்த வகுப்பு என்று கேட்டார். பிறகு சொன்னார்:

"இடம் இல்லியே தம்பி. நானா ஹயர் போயிருக்காரு. இப்ப வந்துருவாரு."

அந்த மனிதருக்கு விளங்கவில்லை. வெறும் தெருவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில், படித்த பெண்ணாகத் தெரிந்ததாலோ என்னவோ, பின்னிருக்கையிலிருந்த என்னைப் பார்த்தார். என்னிடம் அவருக்காக ஒரு முழு உரை இருந்தது. அதன் ஒவ்வொரு வாக்கியமும் எனக்கு மனப்பாடம்.

கீழே ஒரு வண்டி ஆளேற்றிக்கொண்டு புறப்பட்டது. அம்மா சன்னமாக, "போங்க நானா," என்றார். சற்றுப் பொறுத்தார். பிறகு பிரேக்கைத் தளர்த்தினார். அந்த மனிதரின் முகம் என் பக்கக் கம்பியை விட்டு மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது. நாங்கள் ஓசையின்றி இறங்கினோம்.